ரோலை மாற்றும் முன் நெகட்டிவைப் பாருங்கள்: கறுப்பு வெள்ளை பிலிமுக்குப் புதியவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பிலிம் கேமரா கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ரோல் வாங்கலாம்?" இரண்டு ரோல் கழுவி வந்த பிறகு கேள்வி மாறிவிடும்: "இது சரியில்லை, வேற எது வாங்கலாம்?" அப்படிக் கேட்டு வருபவர்களின் நெகட்டிவை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் பிலிம் மேல் குற்றமே இருக்காது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாந்திருக்கும், டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் கழுவும் ரசாயனம்) சூடாக இருந்திருக்கும், கேமரா கதவின் ஸ்பாஞ்ச் உருகியிருக்கும். நானும் முதல் ஆறு ரோலுக்குள் நான்கு வகை மாற்றிப் பார்த்தவன்தான். நான்கிலும் ஒரே கோளாறு வந்தது. அதன் பிறகுதான் கேமராவைத் திறந்து பேட்டரியைப் பார்த்தேன்.

அதனால் இங்கே பிலிம்களை வரிசைப்படுத்தி மார்க் போடப் போவதில்லை. என்ன குறை தெரிகிறதோ அங்கிருந்து தொடங்கி, அது பிலிமின் குறைதானா என்று பார்ப்போம். ஆமாம் என்றால் எதற்கு மாறலாம் என்றும் சொல்கிறேன்.

முதலில் ஜன்னலுக்குப் போங்கள்

லேப் அனுப்பிய ஸ்கேனை வைத்து பிலிமை எடை போடாதீர்கள். ஸ்கேனர் ஒவ்வொரு படத்தையும் தானாக வெளுக்கும், தானாகக் கறுக்கும். வெளிச்சம் போதாத படத்தை அது இழுத்துப் பிடித்து ஒப்பேற்றும்போது வரும் சாம்பல் புழுதியைப் பார்த்து "இந்த பிலிமில் கிரெயின் (மணல்மணி போன்ற புள்ளிகள்) ஜாஸ்தி" என்று முடிவு கட்டிவிடுவோம். நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள். பகலில் ஜன்னலோரம் நின்று பார்க்கலாம். இல்லையென்றால் போனில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, அதற்கு நாலு விரல் மேலே பிடித்துப் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஓரம். துளைகளை ஒட்டி பிலிமின் பெயரும் எண்களும் இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தால் எழுதப்பட்டவை. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கழுவியவருக்கு மட்டுமே சம்பந்தம். அவை நன்றாகக் கறுத்துத் தெரிந்தால் கழுவியதில் பழுதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு, நிழல். நெகட்டிவில் நிழல்தான் வெளிறிய இடம். அங்கே தலைமுடி, மரநிழல், கறுப்புப் பேன்ட்டின் மடிப்பு என்று ஏதாவது தெரிகிறதா, இல்லை வெறும் கண்ணாடியாக இருக்கிறதா? மூன்று, வெளிச்சம். படத்தில் மிக வெள்ளையாக இருக்க வேண்டியது நெகட்டிவில் மிக அடர்ந்த கறுப்பு. நெகட்டிவை ஒரு செய்தித்தாள் மேல் படுக்க வைத்து அந்தக் கறுப்பு வழியாகப் பாருங்கள். எழுத்து மங்கலாகவாவது படிக்க வந்தால் சரி. ஒன்றுமே தெரியாவிட்டால் அது அளவுக்கு மீறிக் கறுத்துவிட்டது.

நிழலில் குறை என்றால் படம் எடுத்ததில் பிசகு. வெளிச்சத்தில் குறை என்றால் பெரும்பாலும் கழுவியதில் பிசகு. இந்த ஒரு கணக்கு பாதி வேலையை முடித்துவிடும்.

ரோல் முழுக்கக் காலி

ஓர எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன, ஆனால் ஒரு படம்கூட இல்லை. அப்படியென்றால் பிலிம் நகரவே இல்லை. டப்பாவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முன்நாக்கு சுருள் அச்சில் சரியாக மாட்டாமல் நழுவியிருக்கும். நீங்கள் நாள் முழுக்க லீவரை இழுத்திருப்பீர்கள், உள்ளே ஒன்றும் நடந்திருக்காது. அடுத்த முறை ரோல் போட்டுக் கதவை மூடியதும் ரீவைண்ட் குமிழை மெதுவாகத் திருப்பித் தொய்வை எடுத்துவிடுங்கள். பிறகு லீவரை இழுக்கும்போதெல்லாம் அந்தக் குமிழும் எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் நிறுத்துங்கள். 36 ரோலில் எண்ணிக்கை 39, 40 என்று போய்க்கொண்டே இருந்தால் "அதிர்ஷ்டம்" என்று சந்தோஷப்படாதீர்கள். ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கும் வகை) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: லென்ஸ் மூடி. வ்யூஃபைண்டரில் எல்லாம் அழகாகத் தெரியும், மூடி மூடியபடியே இருக்கும்.

ஓர எழுத்தும் இல்லை, பிலிம் முழுக்கக் கண்ணாடி போல. கழுவும்போது டெவலப்பர் வேலை செய்யவில்லை. பழையதாகிச் செத்துப் போயிருக்கலாம். அல்லது டெவலப்பருக்கு முன்னால் ஃபிக்சரை (படத்தை நிலைப்படுத்தும் ரசாயனம்) ஊற்றியிருக்கலாம். இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருந்தால் இது ஒருநாள் நடந்தே தீரும்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதுதான் பிலிம் தேர்வோடு நேராகச் சம்பந்தப்பட்டது. கலர் நெகட்டிவைக் கழுவும் முறைக்கு சி-41 என்று பெயர். அதில் முதலில் வெள்ளியும் சாயமும் சேர்ந்து படம் உருவாகும், பிறகு வெள்ளி முழுவதையும் கரைத்து எடுத்துவிட்டுச் சாயத்தை மட்டும் விட்டு வைப்பார்கள். சாதாரணக் கறுப்பு வெள்ளை பிலிமில் சாயமே கிடையாது, படம் என்பதே வெள்ளிதான். அதைக் கலர் மெஷினில் விட்டால் படம் மொத்தமும் கரைந்து போகும். என் முதல் கறுப்பு வெள்ளை ரோலுக்கு இதுதான் கதி. கலர் லேப் ஒன்றின் கவுண்டரில் கொடுத்தேன், "ஆகும் சார்" என்றார்கள், மறுநாள் சுத்தமான கண்ணாடித் துண்டாகக் கவரில் போட்டுத் தந்தார்கள். கேட்டதற்கு "நீங்க படம் எடுக்கலை" என்றார்கள். அன்றைக்கு ஓர எழுத்து விஷயம் எனக்குத் தெரியாது, தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

உங்களுக்கு எட்டும் தூரத்தில் கலர் லேப் மட்டும்தான் இருக்கிறது, வீட்டிலும் கழுவ முடியாது என்றால் வாங்க வேண்டியது இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர். அது கறுப்பு வெள்ளைதான், ஆனால் சி-41 முறையிலேயே கழுவுவதற்கென்று செய்தது. 400 வேகம் (ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு). கேமராவில் 200-ல் வைத்து எடுத்தால் இன்னும் வழவழப்பாக வரும். கொடுக்கும்போது "இது சி-41" என்று பெட்டியைக் காட்டிச் சொல்லுங்கள்.

பிலிம் முழுக்க ஒரே கறுப்பு என்றால் ரோல் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டது. கதவு திறந்திருக்கும், அல்லது கழுவும் டேங்க்கில் மூடியோ நடுத்தண்டோ இல்லாமல் இருந்திருக்கும்.

ஒரு விதிவிலக்கு. இல்ஃபோர்டு பான் எஃப் பிளஸ் பிலிமில் ஓர எழுத்து மங்கலாகத் தெரிந்தால் உடனே கழுவியவரைத் திட்டாதீர்கள். அந்த பிலிமில் பதிந்த வெளிச்சம் கழுவாமல் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும் குணம் உண்டு, ஓர எழுத்துக்கும் அதே கதிதான். எடுத்த மூன்று மாதத்துக்குள் கழுவிவிட வேண்டும். ஒரு ரோலை ஆறு மாதம் கேமராவிலேயே வைத்திருக்கும் ஆசாமிகளுக்கு அது ஏற்றதல்ல.

படம் சோகையாக இருக்கிறது, நிழலெல்லாம் செத்துக் கிடக்கிறது

தொடங்குபவர்களிடமிருந்து அதிகம் வரும் புகார் இதுதான். ஸ்கேனில் கறுப்பு இருக்க வேண்டிய இடம் அழுக்குச் சாம்பலாக, புள்ளி புள்ளியாக இருக்கும். நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தால் ஓர எழுத்து நன்றாக இருக்கும், படம் மட்டும் மெலிந்து கிடக்கும். வெளிச்சம் போதவில்லை. பிலிமை மாற்றினாலும் இதே படம்தான் வரும்.

முதல் சந்தேகம், மீட்டர் எதைப் பார்த்தது என்பது. கேமரா மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை கட்டிய தாத்தாவை, சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன் நிறுத்தி, மீட்டர் காட்டியபடி எடுத்தால் வேட்டியும் சாம்பல், சுவரும் சாம்பல், அவர் முகம் கரி. வானத்துக்கு எதிரே நிற்பவரை எடுத்தாலும் இதே கதை. எளிய வழி ஒன்று உண்டு. ஆள் நிற்கும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, ஃபிரேம் நிறைய அதை வைத்து மீட்டர் பாருங்கள். உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தில் இரு மடங்கு) வெளுப்பு. அதனால் மீட்டர் ஷட்டர் வேகம் 1/250 நொடி என்றால் 1/125 வையுங்கள். என்ன நிறத்தவராக இருந்தாலும் உள்ளங்கை ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் இது எல்லோருக்கும் உதவும்.

அடுத்து பேட்டரி. 1960, 70-களின் பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது இப்போது கிடையாது. கடையில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் முள் அசையும், "வேலை செய்யுது" என்று நம்பிவிடுவோம். ஆனால் பலவற்றில் இருக்கும் வெளிச்சத்தைவிட அதிகமாகக் காட்டும், படம் இருண்டுவிடும். நான் முதலில் சொன்ன என் நான்கு வகை பிலிமின் கோளாறு இதுதான். வெயிலில் போய்ச் சோதித்துப் பாருங்கள். மேகமில்லாத பகலில், 400 பிலிமுக்கு எஃப்16-ல் (லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சிறிது) 1/500-ஐ ஒட்டி மீட்டர் காட்ட வேண்டும். 100 பிலிம் என்றால் 1/125. ஒரு ஸ்டாப்புக்கு மேல் விலகினால் மீட்டரை நம்பாதீர்கள். போனில் ஒரு லைட் மீட்டர் ஆப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் பிலிம். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் எல்லாவற்றிலும் நடைமுறைக்கு ஒத்து வருவதில்லை. செக் நாட்டு ஃபோமாபான் 400-ஐ 400-ல் எடுத்தால் நிழல் மெலிந்துதான் வருகிறது, பயன்படுத்துகிறவர்கள் பலர் 200, 250 என்றே வைத்து எடுக்கிறார்கள். விலை குறைவு என்று அதை வாங்கியிருந்தால் கேமராவில் 200 என்று வையுங்கள், புகார் பாதி குறைந்துவிடும். இல்ஃபோர்டு டெல்டா 3200-ம் அப்படித்தான். இல்ஃபோர்டே அதன் வேகம் ஐஎஸ்ஓ 1000 என்றுதான் சொல்கிறது. 3200 என்பது கழுவும் நேரத்தைக் கூட்டி அடைகிற இடம்.

தானியங்கிக் கேமராக்காரர்களுக்கு இன்னொன்று. ரோல் டப்பாவின் மேல் கறுப்பும் வெள்ளியுமாகக் கட்டங்கள் இருக்கும், அதைத் தொட்டுத்தான் கேமரா வேகத்தைத் தெரிந்துகொள்கிறது. பெரிய சுருளிலிருந்து வெட்டி, பழைய டப்பாவில் அடைத்து விற்கிற ரோல்களில் அந்தக் கட்டம் இருக்காது, அல்லது முன்பு அதில் இருந்த பிலிமின் கட்டமாக இருக்கும். கட்டமே இல்லையென்றால் பல கேமராக்கள் 100 என்று எடுத்துக்கொள்ளும். உள்ளே 400 பிலிம் என்றால் இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம், தாங்கிக்கொள்ளும். உள்ளே 100 பிலிம் இருந்து கட்டம் 400 என்றால் தாங்காது. கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்குக் கூடுதல் வெளிச்சம் இரண்டு ஸ்டாப் வரை ஜீரணமாகும், குறைச்சல் ஒரு ஸ்டாப்கூட ஆகாது.

வெள்ளை வெளேர், கறுப்பு கரி, நடுவில் ஒன்றுமில்லை

செய்தித்தாள் சோதனையில் எழுத்து தெரியவில்லையா? இது அந்த ரகம். காரணம் இரண்டு, நம் ஊரில் இரண்டும் சேர்ந்தே வரும்.

ஒன்று வெயில். மதியம் பன்னிரண்டு மணிக்கு வெயிலில் நிற்கிற சட்டைக்கும் புளியமர நிழலுக்கும் உள்ள வித்தியாசம் எந்த பிலிமுக்கும் சோதனைதான். இதில் பிலிம் தேர்வு கொஞ்சம் உதவும். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், கென்ட்மியர் 400 மாதிரி பிலிம்கள் இயல்பிலேயே சற்று மென்மையானவை. "சோகையாக இருக்கிறது" என்று மேலைநாட்டு மூட்டத்தில் எடுப்பவர்கள் குறை சொல்கிற அதே குணம்தான் நம் சித்திரை வெயிலில் கைகொடுக்கிறது. பான் எஃப் போன்ற குறைந்த வேக பிலிம்கள் இங்கே சீக்கிரம் முரட்டுத்தனமாகிவிடும்.

இன்னொன்று தண்ணீரின் சூடு. வீட்டில் கழுவுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். எச்பி5 பிளஸ் 400-ஐ ஐடி-11 டெவலப்பரில், தண்ணீர் கலக்காமல், 20 டிகிரியில் கழுவ 7½ நிமிடம். உங்கள் குழாய்த் தண்ணீர் மே மாதத்தில் 20 டிகிரியா? மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர் 30-ஐத் தாண்டியிருக்கும். ஒரு டிகிரி ஏறினால் நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்பது கைக்கணக்கு. அதன்படி 30 டிகிரிக்கு மூன்று நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும். அதே தண்ணீரில் 7½ நிமிடம் கழுவினால் வெள்ளையெல்லாம் இறுகி, கிரெயின் வீங்கி, படம் முரண்டு பிடிக்காமல் என்ன செய்யும்?

நேரத்தை மூன்று நிமிடமாகக் குறைப்பதும் தீர்வல்ல. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றுகிற நேரமும் கவிழ்க்கிற நேரமுமே பாதி ஆகிவிடும், வானத்தில் திட்டுத் திட்டாக வரும். டெவலப்பரைச் சம அளவு தண்ணீர் கலந்து நீர்த்துக்கொள்ளுங்கள். ஐடி-11 அப்படிக் கலந்தால் 20 டிகிரியில் 13 நிமிடம். இனி பாட்டிலை ஒரு அகலமான பாத்திரத்தில் நிற்க வைத்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, அதில் ஐஸ்கட்டி போடுங்கள். ஐஸை டெவலப்பருக்குள் போடக் கூடாது, கரைந்து அளவு கெட்டுவிடும். 24, 25 டிகிரிக்கு இறங்கினால் போதும், 20-க்காக உயிரை விட வேண்டாம். அந்தச் சூட்டில் 13 நிமிடம் சுமார் எட்டு நிமிடமாகும். அது வசதியான நேரம். தெர்மாமீட்டர் இல்லாமல் இதெல்லாம் குருட்டுக் கணக்கு, அடுத்த ரோல் வாங்குகிற காசில் முதலில் அதை வாங்குங்கள். ஃபிக்சரும் கழுவுகிற தண்ணீரும் டெவலப்பரின் சூட்டை ஒட்டியே இருக்கட்டும்.

லேபில் கொடுக்கிறவர்கள் இதைக் கட்டுப்படுத்த முடியாது. ஒன்று செய்யலாம்: 400 பிலிமை 200-ல் எடுத்துவிட்டு, "கழுவும் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள்" என்று சொல்லலாம். கேட்டுச் செய்கிற லேப் என்றால் அங்கேயே ஒட்டிக்கொள்ளுங்கள்.

கிரெயின் அதிகம்

முதலில் மேலே சொன்ன இரண்டும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெளிச்சம் போதாத படமும், சூடாகக் கழுவிய படமும் கிரெயினாகத்தான் வரும். இரண்டும் இல்லை, ஆனாலும் முகத்தில் மணல் தூவினது போல் இருக்கிறது என்றால், சரி, இப்போது பிலிமைப் பேசலாம்.

வேகம் கூடினால் கிரெயின் கூடும், இது பொது விதி. ஆனால் ஒரே வேகத்திலும் இரண்டு குடும்பம் உண்டு. எச்பி5 பிளஸ், 35 மி.மீ. வடிவில் 1954 முதல் வரும் கோடாக் ட்ரை-எக்ஸ், எஃப்பி4 பிளஸ், ஃபோமாபான் 100 எல்லாம் பழைய பாணி. கோடாக் 1986-ல் கொண்டு வந்த டி-மேக்ஸ் வரிசையும் இல்ஃபோர்டு டெல்டா வரிசையும் தட்டைப் படிகங்களால் ஆனவை, அதே வேகத்தில் கிரெயின் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும். 400-ல் எடுத்தே ஆக வேண்டும், கிரெயினும் வேண்டாம் என்றால் டி-மேக்ஸ் 400. வெளிச்சம் உண்டு, முக்காலி உண்டு என்றால் டெல்டா 100 அல்லது ஃபியூஜி ஏக்ராஸ் II. ஆனால் இந்தப் புதுக் குடும்பத்துக்கு மன்னிக்கும் குணம் கொஞ்சம் குறைவு. மீட்டரும் கழுவும் நேரமும் பிசகினால் உடனே காட்டிக் கொடுத்துவிடும். பழகுகிற காலத்தில் பழைய குடும்பமே நல்லது என்பது என் கட்சி.

டெவலப்பருக்கும் இதில் பங்குண்டு. 1891 முதல் விற்பனையில் இருக்கும் ரோடினால் கிரெயினை மறைக்காது, கூர்மையாக்கிக் காட்டும். 400 பிலிமை ரோடினாலில் கழுவிவிட்டு கிரெயினைப் பற்றி அழக் கூடாது.

கல்யாண மண்டபத்தில் எடுத்ததெல்லாம் ஆட்டம்

ட்யூப்லைட் வெளிச்சத்தில், எஃப்2-ல் திறந்து வைத்தாலும் 400 பிலிமுக்கு 1/30 அளவில்தான் கிடைக்கும். தாலி கட்டுகிற கை அதற்குள் இரண்டு இடத்தில் இருக்கும். எச்பி5 பிளஸை 1600 என்று வைத்து எடுத்து, ஐடி-11-ல் 7½-க்குப் பதில் 14 நிமிடம் கழுவலாம். 1/125 கிடைத்துவிடும். நிழல் போய்விடும், பட்டுப்புடவையின் கறுத்த மடிப்பெல்லாம் ஒரே கறுப்பாகும், முகங்கள் வந்துவிடும். ஒரு ரோலில் பாதியை 400-லும் பாதியை 1600-லும் எடுக்க முடியாது, முழு ரோலுக்கும் ஒரே நேரம்தான். 100 பிலிமோடு உள்ளே போனவர்களுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

பின்னணியை மங்கலாக்க முடியவில்லை

எதிர்ப்பக்கத்துச் சிக்கல். பென்டாக்ஸ் கே1000 போன்ற கேமராக்களில் அதிகபட்ச ஷட்டர் 1/1000. வெயிலில் 400 பிலிம் போட்டிருந்தால் எஃப்11-க்குக் கீழே திறக்கவே முடியாது, பின்னால் நிற்கிற ஆட்டோவின் நம்பர் பிளேட்டும் தெளிவாக வரும். 100 பிலிம் என்றால் எஃப்5.6 வரை திறக்கலாம். பகலில் மட்டும் எடுப்பவர்கள் எஃப்பி4 பிளஸ் அல்லது கென்ட்மியர் 100 வாங்க இதுவே போதுமான காரணம்.

வானம் காலி, குங்குமம் காணோம்

வானம் கண்ணுக்கு நீலமாக இருந்தது, படத்தில் வெள்ளைத் தாள். சிவப்புச் செம்பருத்தியும் பச்சை இலையும் ஒரே சாம்பல். இது கோளாறே இல்லை, பிலிமின் பார்வை அப்படி. நீலத்தை அது நம் கண்ணைவிட வெளுப்பாகப் பார்க்கும். லென்ஸ் முன் மஞ்சள் ஃபில்டர் மாட்டினால் வானம் கொஞ்சம் இறங்கும், மேகம் பிரிந்து தெரியும், ஒரு ஸ்டாப் வெளிச்சம் போகும். ஆரஞ்சுக்கு இரண்டு ஸ்டாப், சிவப்புக்கு மூன்று. ஈரம் நிறைந்த கடலோர வானம் ஏற்கெனவே பால் போல இருந்தால் எந்த ஃபில்டராலும் அதை நீலமாக்க முடியாது.

சிவப்பு ஃபில்டரோடு ஆட்களை எடுக்கும் முன் யோசியுங்கள். அது தன் நிறத்தை வெளுக்கும். பாட்டியின் நெற்றியில் விபூதி பளிச்சென்று இருக்கும், அதன் நடுவில் வைத்த குங்குமம் தோலோடு கரைந்து போயிருக்கும். அப்படி ஒரு படம் என்னிடம் இருக்கிறது, வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. இதற்கு நேர் எதிர், இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ். ஐஎஸ்ஓ 80. சிவப்பு அதன் கண்ணுக்கே தெரியாது, அதனால் குங்குமம் மையால் வைத்த பொட்டு மாதிரி கறுப்பாக வரும், வெற்றிலை போட்ட உதடும் கறுக்கும், தோலும் ஒரு படி கறுத்து ஒவ்வொரு சுருக்கமும் தெரியும். முதல் ரோலாக வாங்க வேண்டாம். பத்தாவது ரோலாக வாங்கிப் பாருங்கள்.

நெகட்டிவ் ஊதா, அல்லது பால் படிந்தது போல

ஊதா அல்லது இளஞ்சிவப்பு என்றால் பெரும்பாலும் டி-மேக்ஸ். அதில் இருக்கும் சாயம் முழுதாக வெளியேறவில்லை. ஃபிக்சர் களைத்துவிட்டது என்பதற்கு அடையாளமாகவும் இருக்கலாம். பால் போன்ற மூட்டம் என்றால் ஃபிக்சர் போதவில்லை என்பது நிச்சயம். புது ஃபிக்சரில் மறுபடி போடுங்கள், தெளிந்துவிடும். இனிமேல் ரோலின் வெட்டி எறிகிற முன்நாக்கில் ஒரு துண்டை முதலில் ஃபிக்சரில் போட்டு, அது தெளிகிற நேரத்தைப் பாருங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ரோலுக்கு. டி-மேக்ஸ், டெல்டா இரண்டும் இதில் மற்றவற்றைவிட மெதுவானவை.

காய்ந்த பிறகு வட்ட வட்டமாக வெள்ளைக் கறை இருந்தால் உப்புத் தண்ணீர். கடைசி அலசலை மட்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டரில் செய்யுங்கள்.

ஓரத்திலிருந்து வெளிச்சம் பாய்கிறது

வெளிச்சக் கீற்று துளைகளையும் தாண்டி ஓடியிருந்தால் கேமராவின் பின்கதவு. ஃபிரேமுக்குள் மட்டும் இருந்தால் ஷட்டர் திரையில் ஓட்டை. பழைய கேமராக்களின் கதவு இடுக்கில் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் நம் ஊர் ஈரத்தில் தார் மாதிரி இளகிவிடும், விரலால் தொட்டால் ஒட்டும். சுரண்டி எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலை அழுத்தி வைத்தாலே போதும்.

ரோலின் முதல் சில படங்கள் மட்டும் வெளுத்திருந்தால் பிலிமையும் சந்தேகிக்கலாம். ரோலெய் (Rollei) நிறுவனத்தின் ரெட்ரோ 80எஸ், 400எஸ் போன்றவை பாலியஸ்டர் அடித்தளத்தில் வருகின்றன. வெயிலில் வைத்து ரோல் போட்டால் நீட்டியிருக்கும் முன்நாக்கு வழியாக வெளிச்சம் குழாயில் தண்ணீர் போவது போல உள்ளே போய்விடும். நிழலில், முடிந்தால் பைக்குள் கையை விட்டுப் போடுங்கள்.

எல்லாப் படத்திலும் மூட்டம்

நெகட்டிவில் வெளிறி இருக்க வேண்டிய இடமும் ஓரமும் சாம்பலாக இருந்தால் பழைய ரோல், சூடு, அல்லது விமான நிலைய ஸ்கேனர். கைப்பைகளுக்கு இப்போது வரும் சிடி (CT) வகை ஸ்கேனர்கள் எந்த வேக பிலிமையும் கெடுக்கும். கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வண்டியின் டிக்கியில், பைக் டேங்க் பையில் ரோலை வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் எடுத்த உடன் டப்பியைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது வெளியே இருக்க விடுங்கள், இல்லாவிட்டால் வேர்த்துவிடும்.

பழைய ஸ்டூடியோக்களை மூடும்போது ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' சரக்கு சில சமயம் கைக்கு வரும். அந்தத் தொழிற்சாலையே இன்று இல்லை. பெட்டியை அலமாரியில் வையுங்கள், அழகாக இருக்கும். தங்கையின் வளைகாப்புக்கு அதைப் போட்டு எடுக்காதீர்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது?

வீட்டிலோ நல்ல லேபிலோ கழுவ முடியும் என்றால் எச்பி5 பிளஸ், ஒரே கடையில் ஐந்து ரோல். விலை இடித்தால் கென்ட்மியர் 400, அதுவும் இங்கிலாந்தில் அதே நிறுவனம் செய்வதுதான். கலர் லேப் மட்டும் உண்டு என்றால் எக்ஸ்பி2.

முதல் ரோலில் நாலு படத்தை இதற்கு ஒதுக்குங்கள். திண்ணையில் யாரையாவது உட்கார வையுங்கள், வெள்ளைத் துண்டு தோளில், கறுப்புக் குடை பக்கத்தில் நிழலில். கேமராவை நகர்த்தாமல், வெளிச்சம் மாறும் முன், ஐஎஸ்ஓ குமிழை 100, 200, 400, 800 என்று மாற்றி, ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கை மீட்டர் பார்த்து ஒவ்வொரு படம். கழுவி வந்ததும் நான்கையும் ஜன்னலில் பிடியுங்கள். குடைத் துணியின் மடிப்பு எந்த எண் வரைக்கும் தெரிகிறது? 200 வரை தெரிந்து 400-ல் மறைந்தால், உங்கள் கேமராவுக்கும் உங்கள் மீட்டருக்கும் அந்த ரோல் 200 பிலிம். ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் அந்த எண்ணை எழுதி கேமராவின் பின்கதவில் ஒட்டிவிட்டு, மிச்சம் நாலு ரோலையும் அதிலேயே எடுங்கள்.